முதல் வீடு: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கான கேள்வி பதில்

(பதில்: வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற காவேரிப்பட்டணத்துக்காரர்)

கேள்வி: அண்ணா, ஓசூரில் கம்பெனி வேலை, சம்பளம் 48,000. வாடகை 9,000. வீடு 35 லட்சம் சொல்கிறார்கள், 30 லட்சம் கடன் கிடைக்குமாம். வாங்கிவிடலாமா?

பதில்: கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள் தம்பி. 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 26,000 சொச்சம், சம்பளத்தில் பாதிக்கு மேல். முடிக்கும்போது 62 லட்சம் கட்டியிருப்பீர்கள். கையிலிருந்து போட வேண்டிய 5 லட்சம் போக, தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 35 லட்சத்துக்கு 3,15,000. இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். பலர் தங்கத்தை அடகு வைப்பது இந்த இடத்தில்தான்.

ஒன்று செய்யுங்கள். வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசம் 17,000. அதை இந்த மாதமே ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போட ஆரம்பியுங்கள். இரண்டு வருடம் தவறாமல் கட்ட முடிந்தால் அசலே 4,08,000 சேரும். தவணை தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். நாலாவது மாதமே இடறினால் வாடகை வீடே போதும்.

கேள்வி: மனைவி பெயரில் பதிந்தால் சலுகை உண்டா?

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கேள்வி: பாலக்கோடு பக்கம் பஞ்சாயத்து அப்ரூவல் மனை, விலை குறைவு. வாங்கி வீடு கட்டலாமா?

பதில்: பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மனைப்பிரிவு அனுமதி ஆகாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் கேளுங்கள். சொத்தின் மேல் அடகு, பதிவு என்ன இருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள், தாய்ப்பத்திரம் (விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம்) அசலைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: சார், ஓசூருக்கு விமான நிலையம் வருகிறதே, முதலில் அங்கே மனை, அப்புறம் வீடு என்று போகலாமா?

பதில்: 2024 ஜூன் 27-ல் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில் என்று முதல்வர் அறிவித்தார். அறிவிப்பில் குடியிருக்க முடியாது.

குறுக்கே ஒருவர்: பெங்களூரு விமான நிலையம் வந்த தேவனஹள்ளியில் முன்கூட்டி வாங்கினவன் இன்று எங்கே இருக்கிறான் தெரியுமா?

பதில்: தெரியும். விற்றுவிட்டு அழுகிறவனையும் தெரியும். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர, 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது என்று ஷரத்து இருக்கிறது. ஓசூர் அதற்குள்தான்.

அவரே: பேசித் தீர்த்துக்கொள்வார்கள் சார். நீங்கள் பயந்தே வாழ்ந்தவர்.

பதில்: தீர்க்கட்டும். அதுவரை மனைக்கடன் தவணை, வாடகை இரண்டையும் கட்டுவது யார்? உபரிப் பணம் என்றால் உங்கள் இஷ்டம். இவர் கேட்பது முதல் வீடு.

கேள்வி: தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில்: அசல் என்று மேலே எழுதினேன். எங்காவது அடகில் கிடக்கலாம்.

கேள்வி: பவர் (சொந்தக்காரர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவரிடம் வாங்கலாமா? அவரிடமும் ஜெராக்ஸ்தான்.

பதில்: அசல்! அசல்! பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தருமபுரியில் வீடு பார்த்தோம். போர்வெல்லில் தண்ணீர் நிறைய. வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: அந்தத் தண்ணீரை. நம் பக்கம் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஒருமுறை கடனுக்காக வீடு பார்க்கப் போனேன். டைல்ஸ், கிரானைட் எல்லாம் ஜோர். வீட்டுக்காரர் பையன் சிரித்தான், பல் முழுக்கப் பழுப்புக் கோடு. ஒகேனக்கல் குழாய் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். புரோக்கரிடம் வேண்டாம்.

கேள்வி: ஆடியில் வாங்கலாமா?

பதில்: விலை பேச ஆடிதான் வசதி, எதிரே வேறு ஆள் நிற்க மாட்டான். பத்திரம் ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள்.