சிறு நகர அரசுப் பள்ளிகளில் தேர்ச்சி குறைவதற்கு நிதிப் பற்றாக்குறைதான் காரணமா?

நிதியும் காரணம்தான். ஆனால் கட்டடத்துக்கும் கணினிக்குமான நிதியை நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். வரவு செலவு நோட்டைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பள்ளி மானியம் தலையை எண்ணித்தான் வருகிறது. 250 பேரைத் தாண்டினால் ஆண்டுக்கு 75,000 ரூபாய், நூறுக்கு மேல் 250 வரை என்றால் 50,000. எங்கள் தெருமுனைக்கு மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன் வரத் தொடங்கிய ஆண்டில் 258 பேர் 243 ஆனார்கள். பதினைந்து பிள்ளைகளோடு 25,000 ரூபாயும் வேன் ஏறிவிட்டது. மிஞ்சியதில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. பிறகு சாக்பீஸ், பதிவேடு, மின்விசிறிப் பழுது. தண்ணீர் மோட்டார் வேறு அந்த ஆண்டில் இரண்டு முறை எரிந்தது.

இதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். எங்களை வீழ்த்தியது ஆகஸ்ட் 1. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்ற பணியாளர் நிர்ணயம் அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான். கணக்கு ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் ‘உபரி’ ஆகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போனார். இன்னொருவர் அடுத்த கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலியிடத்துக்கு மாதம் 15,000 ரூபாயில் தற்காலிகமாக ஒரு பெண்ணை நியமித்தோம். எம்.எஸ்சி., பி.எட். இரண்டு பஸ் மாறி வருவார். பின்வரிசைப் பையன்களைக்கூடக் கரும்பலகைக்கு வரவழைத்துவிடுவார். மூன்று மாதம் ஊதியம் வரவில்லை. நவம்பரில் நின்றுவிட்டார். மானியத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டலாம், ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்க முடியாது. தேர்வு வரை அறிவியல் ஆசிரியர்தான் கணக்கையும் பார்த்துக்கொண்டார். பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர் தோற்றார்கள். அதில் எட்டுப் பேருக்குக் கணக்கு.

மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25இல் மத்திய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது பற்றித் தொலைக்காட்சியில் பெரிய விவாதமே நடந்தது. நடக்க வேண்டியதுதான். எங்களுக்கு அந்த நவம்பரில் தேவைப்பட்டது 45,000 ரூபாய்.

அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்காகத் தலைமை ஆசிரியையுடன் வீடு வீடாகப் போனேன். பதினொன்றாம் வகுப்பில் இலவச சைக்கிள், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று துண்டறிக்கையை வாசித்தோம். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கணக்கு வாத்தியார் வந்துவிட்டாரா?” என்றார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.