வாசகர் கேள்வி: லொறிக் கிளச்சின் பலம் பந்தயக் காருக்குப் பொருந்துமா?

கேள்வி: ஐயா, நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருபது வருடங்களுக்கு மேலாக லொறி, பஸ் கிளச் வேலை செய்து வருகிறேன். கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கும் என் தம்பி 1969ஆம் ஆண்டு பிளிமத் ரோட் ரன்னர் ஒன்றை வாங்கி, நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் (drag) பந்தயத்தில் ஓட்டுகிறான். 383 கன அங்குல இயந்திரம், நான்கு கியர். கேம் ஷாஃப்டும் புகைக்குழாயும் மாற்றிய பின்னர் முறுக்குவிசை 620 நியூட்டன் மீற்றர் என அளந்திருக்கிறார்கள். இதுவரை அவனுடைய சிறந்த நேரம் 13.4 செக்கன். இப்பொழுது மூன்றாம், நான்காம் கியர்களில் கிளச் வழுக்கி, கருகிய வாடை வருகிறதாம். கிடைப்பதிலேயே பலமான பிரஷர் பிளேட்டை (கிளச் பிளேட்டை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கும் பாகத்தை) போடு, லொறியைப் போலப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானா? வேண்டுமானால் இங்கேயே நல்ல லைனிங் (உராய்வுப் பட்டை) ஒட்டி ஒரு பிளேட்டை அனுப்பிவைக்கவும் தயாராக இருக்கிறேன்.

பதில்: தங்கள் தம்பி கிளச்சை மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை; தாங்கள் கூறிய ஆலோசனையோடுதான் நான் உடன்பட முடியவில்லை. இந்த இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் முறுக்குவிசை 576 நியூட்டன் மீற்றர் அளவில்தான் இருந்தது. அதற்கென அமைந்த கிளச், தேய்ந்த நிலையில் 620ஐத் தாங்காமல் வழுக்குவது இயல்பே. ஆனால் "பலமானது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு காரியங்கள் அடங்கியுள்ளன: பிளேட்டை அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வு, பிளேட்டின் விட்டம். தாங்கள் முதலாவதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

கணக்கு ஒன்றும் கடினமானதன்று. உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரை ஆகிய நான்கையும் பெருக்கினால் கிளச் தாங்கக்கூடிய முறுக்குவிசை கிடைக்கும். ஒற்றைப் பிளேட்டுக்கு முகங்கள் இரண்டு. 10.5 அங்குலப் பிளேட்டில் சராசரி ஆரை ஏறத்தாழ 108 மில்லிமீற்றர். 620க்கு மேல் கால் பங்கு கூட்டி 775 நியூட்டன் மீற்றரை இலக்காக வைத்துக்கொண்டால், சாதாரண ஓகானிக் லைனிங்கின் 0.3 என்ற உராய்வுக்கு 1,200 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் வேண்டும், 0.4 உராய்வு தரும் லைனிங்காயின் 915 கிலோ அளவே போதும். முந்தியதற்கு மிதிக்கும் கால் வலிக்கும், நெம்புகோல் இணைப்புகள் வளையும், இயந்திரத் தண்டின் முன்பின் தள்ளலைத் தாங்கும் திரஸ்ட் பெயரிங்கும் விரைவில் தேயும். ஆகவே, ஸ்பிரிங்கைக் கூட்டுவதற்கு முன்னர் லைனிங்கைப் பற்றி யோசிப்பதே முறை.

கால் பங்குதான் கூட்டவேண்டுமா, இரண்டு மடங்காக்கினால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். இதற்கு விடை டயரிடம் இருக்கிறது. முதலாம் கியரின் 2.66 விகிதத்தையும் பின் அச்சின் 3.55 விகிதத்தையும் சேர்த்தால், இயந்திரத்தின் முறுக்குவிசை ஒன்பது மடங்குக்கு மேல் பெருகி, சில்லின் விளிம்பில் ஏறத்தாழ 1,800 கிலோ தள்ளுவிசையாக வந்து நிற்கும். ஓட்டுநரோடு சேர்த்து 1,700 கிலோ அளவில் நிறையுள்ள இந்தக் காரின் பின் டயர்கள், வீதிக்கான சாதாரண டயர்களாயின், அவ்வளவு விசையைத் தரையில் பிடித்துத் தர மாட்டா, அவை சுழலும். எனவே புறப்படும் கணத்தில் எந்த கிளச்சைப் போட்டாலும் பயன் ஒன்றே. மாறாக, நான்காம் கியரில் அதே விசை 680 கிலோவாகக் குறைந்துவிடுவதால் டயர் வழுக்காது; இயந்திரத்தின் முழு முறுக்குவிசையையும் கிளச்சே தாங்கியாக வேண்டும். தம்பியின் கிளச் மேல் கியர்களில் வழுக்குவதற்குக் காரணம் இதுதான். அங்கே வேண்டியதும் இயந்திரத்தை விடச் சற்றுக் கூடிய பிடிப்பு மட்டுமே.

அளவுக்கு மிஞ்சிய பிடிப்பு எங்கே போய்ச் சேரும் தெரியுமா? நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் இயந்திரத்தின் கிளச்சைத் திடீரென்று விட்டால், பிளைவீலில், அதாவது இயந்திரத் தண்டோடு சுழலும் கனத்த சக்கரத்தில், தேங்கியிருக்கும் சக்தி முழுவதும் ஒரே அடியாகக் கியர்பெட்டிக்குள் பாயும். அந்த அடியின் உச்சத்தை வரையறுப்பது இயந்திரம் அன்று, கிளச்சின் பிடிப்பே. பிற்பாடு பிடிமானம் மிகுந்த பந்தய டயர்களை மாட்டும் நாளில் டயரும் சுழலாது, கிளச்சும் வழுக்காது. உள்ளீட்டுத் தண்டோ அச்சோ முறியும். வீட்டு மின்சுற்றில் பியூஸ் செய்யும் வேலையை இங்கே கிளச் செய்கிறது. புறப்படும்போது அரைச் செக்கன் அளவுக்கு வழுக்கி, பின்னர் முழுமையாகப் பிடிக்கும் கிளச்சே இந்தப் பந்தயத்துக்கு நல்லது.

லொறி உவமையில் இன்னொரு சிக்கல் உண்டு. என் கருத்தில் அதுவே பெரியது. தாங்கள் பழகிய பெரிய டீசல் இயந்திரங்கள் 2,500 சுற்றைத் தாண்டுவது அரிது. இந்த இயந்திரமோ 6,000 வரை போகும். பிளேட்டின் விளிம்பருகே, மையத்திலிருந்து 13 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒட்டியிருக்கும் 10 கிராம் லைனிங் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2,500 சுற்றில் அது ஏறத்தாழ 9 கிலோ விசையோடு வெளியே இழுக்கப்படும். 6,000 சுற்றில் 52 கிலோ. லொறிக்கு இருபது வருடம் உழைக்கும் ரிவிற்றும் பசையும் அங்கே ஒரு நிமிடம் நில்லாமல் போகக்கூடும். எனவே, தாங்கள் அன்போடு ஒட்டி அனுப்ப நினைக்கும் பிளேட்டை அனுப்ப வேண்டாம். தங்கள் கைவேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்தச் சுழற்சி வேகத்துக்கென்று சோதித்துச் சான்று பெற்ற பொருள் அங்கேயே கிடைக்கிறது.

பந்தயப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 1.1 என்ற தரக்குறியீடு உள்ள கிளச்சையும் உருக்குப் பிளைவீலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வட அமெரிக்காவின் டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.யின் விதிப்படி, கால் மைலை 11.49 செக்கனிலோ அதற்குக் குறைந்த நேரத்திலோ கடக்கும் கார்களுக்கே இது கட்டாயம். 13.4இல் ஓடும் தம்பியை எவரும் வற்புறுத்தப் போவதில்லை. எனினும், பழைய வார்ப்பிரும்புப் பிளைவீல் வெடித்தால் அதன் துண்டுகள் முதலில் தேடிவருவது ஓட்டுநரின் பாதத்தைத்தான் என்பதால், கிளச்சையும் பிளைவீலையும் மூடும் எஸ்.எஃப்.ஐ. 6.1 தரத்திலான உருக்கு உறையையும் சேர்த்துப் போடுவதே அறிவு. 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓட்டத்திடலில் டிராக் பந்தய வீரர் டொன் கார்லிட்ஸின் வாகனத்தில் வெடித்தது கிளச் அன்று, கியர்பெட்டி; ஆயினும் வலது பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார். இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த வாகனத்தை அவர் கட்டியது அந்த விபத்துக்குப் பின்னர்தான்.

பிரஷர் பிளேட்டின் வகையைப் பொறுத்தவரை, பிளிமத் கார்களைத் தயாரித்த கிறைஸ்லர் அக்காலத்தில் பயன்படுத்திய போர்க் அண்ட் பெக் வகையில், சுற்று ஏற ஏற உருளைகள் வெளியே தள்ளப்பட்டு அழுத்தம் தானாகக் கூடும். ஆனால் உயர் சுற்றில் கியர் மாற்றும்போது மிதியும் அதற்கேற்பக் கனக்கும். லோங் வகையின் மெல்லிய நெம்புகோல்களில் எடையைக் கூட்டிக் குறைத்துப் பிடிப்பைச் சீராக்கலாம் என்பதால், பந்தயமே தொழிலாக உள்ளவர்கள் அதை விரும்புவார்கள். டயபிரம் வகைக்கு மிதி இலகு. பழைய வடிவங்களில் உயர் சுற்றில் மிதி தரையோடு ஒட்டிக்கொண்ட குறை இருந்தது. வார நாளில் வீதியிலும் வார இறுதியில் திடலிலும் ஓடும் காருக்கு, நான் போர்க் அண்ட் பெக் வகையையே சொல்வேன். பிளேட்டில் ஒரு முகம் ஓகானிக்காகவும் மறுமுகம் செராமிக்காகவும், நடுவில் ஸ்பிரிங் உள்ளதாகவும் இருக்கட்டும். இரு முகமும் செராமிக்காயின், கொழும்பின் காலி (Galle) வீதி நெரிசலைப் போன்ற ஊர்ந்து செல்லும் ஓட்டத்தில் கார் அதிர்ந்து அதிர்ந்தே நகரும்.

பொருத்தும்போது கிளச் உறையின் துளை இயந்திரத் தண்டின் மையத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று டயல் கேஜினால் பார்க்கச் சொல்லுங்கள். கருவி ஒரு சுற்றில் காட்டும் மொத்த ஏற்றத்தாழ்வு 0.13 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. பொருத்திய பின்னர் 800 கிலோமீற்றர் வரை வீதியில் மட்டும் ஓட்டட்டும். பொறுமையில்லாமல் முதல் நாளே திடலுக்குப் போனால் புதிய லைனிங் கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிப்பை இழந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. இந்த ஏ-833 கியர்பெட்டி இரண்டு விதமாக வந்தது: 383 இயந்திரத்தோடு வந்ததன் உள்ளீட்டுத் தண்டில் 23 பற்கள், அதைவிடப் பெரிய 440, ஹெமி இயந்திரங்களோடு வந்ததில் 18. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட காரில் யார் எதை மாற்றியிருப்பார்களோ தெரியாது. கியர்பெட்டியைக் கீழே இறக்கியவுடன் பற்களை எண்ணிவிட்டு, அதன் பிறகே பிளேட்டுக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள்.