வாசகர் கேள்வி – பதில்: முழங்கால் உயரத்தில் ஒரு ஜோடி கேமரா

கேள்வி: களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் புலியைக் கணக்கெடுக்க, ஒரே இடத்தில் இரண்டு கேமரா கட்டுகிறார்கள். ஒன்று போதாதா? முன்பு போலக் கால்தடத்தை அளந்தால் செலவு மிச்சமாகுமே?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: உடல் வரிகளை வைத்துத்தான் எந்தப் புலி என்று அடையாளம் காண்கிறார்கள். ஆனால் புலியின் வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே கேமரா இருந்தால், போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்று ஒரு புலியே இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும். கால்தடம் இன்னும் மோசம். ஈர மண்ணில் பதிந்த அதே கால், புழுதியில் வேறு அளவு காட்டும். சரிவில் விரல்கள் விரிந்துவிடும். இன்றும் தடம் தேடத்தான் செய்கிறார்கள், ஆனால் கேமராவை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்ய.

காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி. தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரம், பாதையின் நடுவிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி. இரண்டையும் நேருக்கு நேராக வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். அதனால் சற்று விலக்கிக் கட்ட வேண்டும். சென்சார் அசையும் வெப்பத்துக்கு வேலை செய்வது. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே நூற்றுக்கணக்கில் வெறும் படம் விழும். முன்னால் உள்ள புல்லை அறுத்துவிட்டு, ஒருவர் தவழ்ந்துபோய்ச் சோதிக்க வேண்டும். (பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.)

யானை கேமராவைப் பிடுங்கி எறிவது, கேமராப் பெட்டிக்குள் எறும்பு குடியேறுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதம் கடிகாரம். பேட்டரி மாற்றும்போது ஒரு கேமராவின் தேதியும் நேரமும் மாறிப்போனால், இடப்பக்கப் படத்தை வலப்பக்கத்தோடு சேர்க்கவே முடியாது. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மலை இது. மழை ஓய்ந்த மாதங்களிலும் லென்சில் பனி படியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே இருக்கட்டும்.

படத்தில் விழுந்தவை மட்டுமே மொத்தம் அல்ல. உதாரணத்துக்கு, முதல் சுற்றில் 10 புலி; இரண்டாம் சுற்றில் 8, அதில் 4 முதல் சுற்றிலேயே படத்தில் விழுந்தவை என்றால், இரண்டாம் சுற்றில் பாதிதான் பழையவை; ஆகவே முதல் சுற்றின் 10 புலியும் மொத்தத்தில் பாதி என்று கொள்ளலாம்: 10 × 8 ÷ 4 = 20. நடைமுறைக் கணக்கில் கேமரா இருந்த இடமும் சேரும், அடிப்படை இதுதான். இடையில் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு குழப்பாமல் இருக்கவே சில வாரங்களுக்குள் முடிக்கிறார்கள்.

கேள்வி: களக்காடு முண்டந்துறை, 1988இல் அமைந்த, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். காடும் அடர்த்தி. முதுமலை அளவுக்குப் புலி ஏன் இல்லை?
– வாசகர், பாபநாசம்

பதில்: காடு பச்சையாக இருந்தால் புலிக்குச் சோறு இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரை வேண்டும். மேலே கக்காச்சிப் பக்கத்துப் பசுமைமாறாக் காட்டில் தரையில் புல் குறைவு, ஆகவே மிளாவும் (கடமான்) குறைவு. புள்ளிமான் கீழே, முண்டந்துறைச் சமவெளிப் பக்கம்தான். அங்கே புல்லை வளரவிடாமல் மண்டும் உண்ணிச்செடியை வேரோடு எடுத்து, புல் திரும்பும்வரை மாடு மேயாமல் காப்பதுதான் உருப்படியான வேலை. மேலோடு வெட்டினால் மறுமழையில் இரு மடங்காகத் துளிர்க்கும்.

கேள்வி: ஆட்டைச் சிறுத்தை அடித்துவிட்டது. மிச்ச உடலை என்ன செய்வது?
– வாசகர், களக்காடு

பதில்: தொடாதீர்கள். படம் எடுத்து, அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு அவர்கள் நேரில் பார்த்தாக வேண்டும். மிச்சத்தைத் தின்னச் சிறுத்தை மறுபடி வரலாம் என்று விஷம் வைப்பது குற்றம்; செந்நாய், கழுகு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சேர்ந்தே சாகும். ஆறடிச் சுவரைச் சிறுத்தை தாண்டும். கிடைக்கு மேலேயும் கம்பிவலை போடுங்கள்.