கடலூர் மாவட்ட வயல்களில் கோடையில் ஆட்டுக்கிடை போடுவது ஏன்?

அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவில் அடைத்து, அதன் புழுக்கையும் மூத்திரமும் மண்ணிலேயே சேரச் செய்வதுதான் கிடை. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளுக்கு ராமநாதபுரத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) மந்தையோடு வருவது இதற்காகவே.

காரணம் வானிலை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், கடலூரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகவே பெய்கிறது; அந்த ஈரத்தில் விளையும் சம்பா தை, மாசியில் அறுவடையானபின், பல வயல்கள் ஆடி வரை காய்ந்து கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் வகுப்பறைக்கு வெள்ளையடிப்பதைப் போல, உழவர் அந்த இடைவெளியில் நிலத்தைத் தேற்றுகிறார். இதில் மூத்திரத்திலுள்ள தழைச்சத்தின் (நைட்ரஜன்) பங்கு பெரிது. அள்ளிக் கொட்டும் எருவில் அந்தத் தழைச்சத்து பெரும்பாலும் வீணாகிவிடும்.

கீதாரிகள் இலவச மேய்ச்சலுக்காகத் தங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கிடைக்கான கூலியைப் பணமாகவோ நெல்லாகவோ நிலத்துக்காரரே அவர்களுக்குக் கொடுக்கிறார்.