மனச்சோர்வும் எண்ணங்களும்: கேள்வி பதில்

மனச்சோர்வுக்கு அறிவாற்றல் உளவியல் தரும் விளக்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறவன் நான், மருத்துவன் இல்லை. ஆகவே யாருக்கும் நோய் கணிக்க மாட்டேன். மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெக் பற்றிய கேள்விக்கு ‘தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி எதிர்மறை எண்ணம்’ என்று எழுதினால் போதுமா சார்? (முதுகலை மாணவி)

மார்க் விழும், விஷயம் பாதிதான் வரும். ஆரன் பெக் மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர். உள்ளே திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்ற, மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் கருத்தை நிரூபிக்கவே நோயாளிகளின் கனவுகளை ஆராயப் போனார். கோபத்தைக் காணோம். கனவு முழுக்கத் தோற்பதும் இழப்பதும் ஏமாறுவதும்தான். அங்கிருந்து அவர் வழி மாறிவிட்டது.

ஒரு பையன் இன்டர்னலில் ஃபெயில் ஆகிறான். “நான் மக்கு, இந்த டிபார்ட்மென்ட்டில் யாருக்கும் என்னைப் பிடிக்காது, இனி எல்லாமே அரியர்தான்.” நீங்கள் சொன்ன மூன்றும் இதில் வந்துவிட்டன. அவனே கூப்பிடாமல் தானாக ஓடும் எண்ணங்கள் இவை. ஒரு பேப்பரை வைத்து மொத்த வாழ்க்கையையும் எடைபோடுவது சிந்தனைப் பிழை. எல்லாவற்றுக்கும் அடியில் ‘நான் லாயக்கில்லாதவன்’ என்று சின்ன வயதிலேயே படிந்துபோன ஒரு நம்பிக்கை இருக்கும். அது பல வருஷம் சும்மா கிடக்கும், அதே மாதிரி ஓர் இழப்பு வந்தால் விழித்துக்கொள்ளும். விடைத்தாள்களில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் பகுதிதான். அதை விட்டால், ஒரே அடி வாங்கிய இருவரில் ஒருவர் மட்டும் ஏன் சாய்கிறார் என்பதற்குப் பதில் இருக்காது.

பாசிட்டிவாக நினைத்தால் சரியாகிவிடுமா?

இல்லை. ‘நான் மக்கு’ என்பதற்கு என்ன ஆதாரம் என்று பார்ப்பதுதான் பெக்கின் வழி. அதை அழித்துவிட்டு ‘நான் மேதை’ என்று எழுதுவது அல்ல.

நாய்களை வைத்துச் செய்த சோதனையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் 1967இல் செய்தது. சில நாய்கள் ஒரு பலகையை அழுத்தி மின் அதிர்ச்சியை நிறுத்தலாம். இன்னும் சில அதே அளவு அதிர்ச்சி வாங்கின, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோது, இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்தே கிடந்தன. என்ன செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அவர்கள் விளக்கம். 1978இல் ஆப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் இதை மனிதரின் மனச்சோர்வுக்குப் பொருத்தினார்கள்: ‘காரணம் நான்தான், இது மாறாது, எல்லாவற்றிலும் இப்படித்தான்’ என்று விளக்கிக்கொள்பவருக்கு ஆபத்து அதிகம்.

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். 2016இல் மேயரும் செலிக்மனுமே மூளை ஆய்வுகளை வைத்துக் கதையைத் திருப்பிப் போட்டார்கள். முடங்குவது கற்றுக்கொண்டது இல்லையாம், நீண்ட துன்பத்துக்கு உடம்பின் இயல்பான பதிலே அதுதானாம். கற்றுக்கொள்வது, ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைத்தான்.

தினமும் கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தை சொன்னால்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

சோர்ந்தவர்தான் உலகத்தை உள்ளபடி பார்க்கிறார், மற்றவர்கள் மிதப்பில் இருக்கிறோம் என்று ஆய்வே இருக்கிறதே. அப்புறம் என்ன சிந்தனைப் பிழை?

இருக்கிறது. அலாய், ஆப்ராம்சன் என்ற உளவியலாளர்கள் 1979இல் செய்தது. பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும். அது எவ்வளவு தூரம் உன் கையில் இருக்கிறது என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சோர்வில்லாதவர்கள் தங்கள் பங்கைக் கூட்டிச் சொன்னார்கள், சோர்ந்தவர்கள் ஏறக்குறையச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் இல்லை, மனச்சோர்வை அளக்கும் கேள்விப் பட்டியலில் கூடுதல் மதிப்பெண் வந்த மாணவர்கள். விளக்கைக் கணிப்பதும் ‘நான் இருந்து என்ன பயன்’ என்று முடிவு கட்டுவதும் ஒன்றா? 2022இல் மறுபடி செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவும் இல்லை.

(அவரே மீண்டும்) நழுவுகிறீர்கள். வேலை போய், கடன்காரன் வாசலில் நிற்கிறான். ‘எதிர்காலம் இருட்டு’ என்பது பிழையா?

பிழை இல்லை. அவருக்கு முதலில் வேண்டியது வேலை. ‘உன் சிந்தனைதான் கோளாறு’ என்று அவரிடம் சொல்கிறவரோடு எனக்கும் சண்டைதான். ஆனால் ‘வேலை போய்விட்டது’ என்பது செய்தி, ‘நான் உதவாக்கரை, என் பிள்ளைகள் நான் இல்லாமலே நன்றாக இருப்பார்கள்’ என்பது தீர்ப்பு. பெக் கேள்வி கேட்பது தீர்ப்பைத்தான். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாராவது சொல்லக் கேட்டால் கோட்பாடு பேசாமல் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

பெக்கின் மனச்சோர்வுக் கேள்விப் பட்டியலை இணையத்தில் நிரப்பினேன், மதிப்பெண் 24 வந்தது. எனக்கு நோயா?

பெக்கின் 21 கேள்விப் பட்டியல் 1961இல் வந்தது. அது தீவிரத்தை அளக்கும், நோயை முடிவு செய்யாது. தைராய்டு கோளாறிலும் சோர்வு வரும். மருத்துவரைப் பாருங்கள்.

சிபிடி (பெக்கின் வழியில் வந்த பேச்சுச் சிகிச்சை) தொடங்கியாச்சு, மாத்திரையை விடலாமா? நல்ல எண்ணங்களே போதாதா?

விடாதீர்கள். போதாது.

எண்ணம் காரணமா, விளைவா?

இவ்வளவு நேரம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சோர்வு நீங்கியதும் பலருக்கு அந்த எண்ணங்களும் போய்விடுகின்றன, ஆகவே விளைவு என்பவர்கள் உண்டு. 1996இல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு சிபிடியைப் பிரித்துப் பார்த்தது. எண்ணத்தைத் தொடாமல், விட்டுப்போன வேலைகளை மீண்டும் செய்ய வைக்கும் பகுதியை மட்டும் கொடுத்தார்கள். முழுச் சிகிச்சைக்குச் சமமாகவே பலன் தந்தது. கோவாவில் மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து இதே வழியில் சிகிச்சை கொடுத்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் நல்ல முடிவு வெளியிட்டார்கள். பெக்கைப் பாடமாக நடத்தும் எனக்கே இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.