மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடாமல், மாணவரின் கற்றல் குறித்து ஆசிரியரும் பெற்றோரும் பயனுள்ள வகையில் பேசிக்கொள்வது எப்படி?

அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கூட்டங்களைப் பெருக்குவதைவிட விடைத்தாளில் நாம் எழுதும் இரண்டு வரியை மாற்றுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் ஆசிரியர், பிள்ளை, பெற்றோர் ஆகிய மூவர் கையிலும் படுகிற காகிதம் அதுதான்.

1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று விடை எழுதும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். நான் பல ஆண்டுகள் அதைச் சிவப்பு மையால் சுழித்து, 'கவனம் தேவை' என்று எழுதி வந்தேன். உண்மையில் அந்தப் பிள்ளை மேலே உள்ள எண்களையும் கீழே உள்ள எண்களையும் கவனமாகத்தான் கூட்டியிருந்தது. பின்னம் என்பது மேலும் கீழுமாக இரண்டு தனி எண்கள் அல்ல, சேர்ந்து ஒற்றை அளவு என்ற புரிதல்தான் இல்லை. இப்போது, 'பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? 2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா?' என்று எழுதுகிறேன். பிள்ளை அதே தாளில் வேறு நிற மையால் திருத்தித் தந்த பிறகே மதிப்பெண்ணைச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளிலும் எல்லாத் தவறுகளுக்கும் இப்படி எழுத நேரம் போதாது. ஒரு தேர்வுக்கு ஒரு தவறு போதும்.

மதிப்பெண்ணைத் தள்ளிவைப்பதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடையே நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள்; கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2012-13இல் கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்ததன் நோக்கமும் கற்கும்போதே திருத்துவதுதான். ஆனால் அந்த 40ஐப் பருவக் கடைசியில் மொத்தமாகப் பதிவேட்டில் நிரப்பினால், அதுவும் இன்னொரு தேர்வு மதிப்பெண்ணாகவே ஆகிவிடுகிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்ற குறையைப் பல ஆசிரியர்கள் சொல்வார்கள். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், நாட்கூலிக்குப் போகும் தாய் அன்றைய கூலியை இழந்துதான் வர வேண்டும் என்பதை நாங்கள் நெடுநாள் யோசிக்கவே இல்லை. எங்கள் பள்ளியில் நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றிய பிறகு வருகை கூடியது. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறேன்; ஆண்டின் முதல் பதிவில் அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை மட்டுமே சொல்கிறேன். 'ஸ்கூல்ல இருந்து போன் வந்தாலே என்ன தப்பு பண்ணிட்டானோன்னு நெஞ்சு அடிச்சுக்கும் டீச்சர்' என்று ஒரு அம்மா சொன்னதிலிருந்து எனக்கு வந்த வழக்கம் இது.

நேரில் பேசும்போது பிள்ளையும் உடனிருக்கட்டும். முதலில் பேசுவதும் அதுவாக இருக்கட்டும். பிறர் முன்னிலையில் மதிப்பெண்ணை வாசிப்பதை அறவே விட்டுவிட வேண்டும். திருத்திய தாளைப் பிள்ளையே விரித்து, எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தது என்று அம்மாவிடம் விளக்கட்டும். வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதும் பெரிதல்ல: 'எத்தனை மார்க்?' என்பதற்கு முன்னால், 'டீச்சர் என்ன கேள்வி எழுதியிருக்காங்க, நீ என்ன பதில் எழுதின?' என்று கேட்டால் போதும். இப்படிக் கேட்க அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.