மீட்டர் 104 காட்டுகிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என்னுடைய பெட்ரோல் காருக்குப் பத்து வயது. வெப்பநிலை காட்டும் முள் அதில் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரியும் ஒரு நீல விளக்கு, சூடு மீறினால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். நெடுஞ்சாலையில் 90 டிகிரி காட்டுகிறது. நெரிசலில் நின்றால் 103, 104 வரை ஏறி 96க்கு இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. என் மெக்கானிக் எஞ்சின் கொதிக்கிறது என்கிறார், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார். கழற்றலாமா? மீட்டரை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா?

பதில்: கழற்றாதீர்கள். எஞ்சின் சூடாகும் வரை குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட்.

நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் கார் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பாருங்கள். திறந்த வெளியில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விசிறி ஏசிக்காகவே சுழன்றுகொண்டிருக்கும், சோதனை பிடிபடாது. கண் மீட்டரிலும் காது முன்பக்கத்திலும் இருக்கட்டும். 99, 101, 103 என்று எண் ஏறும். 104ஐத் தொட்டதும் பானெட்டுக்குள்ளிருந்து 'விர்'ரென்ற சத்தம் வரும். அது ரேடியேட்டர் விசிறி. சற்று நேரத்தில் எண் இறங்கத் தொடங்கும், 96க்கு வந்ததும் சத்தம் நிற்கும். எந்த எண்ணில் விசிறியைப் போட வேண்டும், எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே காரின் கணினியில் எழுதப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நீங்கள் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறீர்கள்.

'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்குமே' என்று கேட்பீர்கள். பாத்திரத்தில் கொதிக்கும். ரேடியேட்டரில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவம் கலந்த தண்ணீர். அதுவும் மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலவையும் நல்ல மூடியும் இருந்தால் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த பழைய மூடியோடு, குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது தெர்மோஸ்டாட். 'சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைத் தூக்கு' என்பது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயில் போதிய அளவு சூடாகாததால் அதில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பல எஞ்சின்களில் சூடானதும் குறுக்குவழியை அடைத்து, கூலண்டை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுவதும் இதே தெர்மோஸ்டாட்தான். அதைத் தூக்கி எறிந்தால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிச் சுற்றி வரும். நெரிசலில் கார் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். அப்போது அதே மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்வார், பிறகு வாட்டர் பம்ப்பை. ஒரு பழுதும் இல்லாத காருக்கு மூன்று பில்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உங்கள் காரின் சென்சார் வழியாக வெப்பநிலை ஒவ்வொரு நொடியும் கணினிக்கு எண்ணாகவே தெரிகிறது. அந்த எண்ணை உரிமையாளருக்குக் காட்ட ஏன் மனம் வரவில்லை? முள் உள்ள கார்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100ஐத் தாண்டினாலும் அதே நடுவில் நிற்கும்படி பல கார்களில் முள்ளைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். முள் அசைந்தாலே வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் நிலையத்துக்கு ஓடிவருகிறாராம். நீங்கள் மீட்டர் செருகியிருக்கும் சாக்கெட்டும் உங்களுக்காக வைத்ததல்ல. புகையைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்கா 1996 மாடல் முதலும், ஐரோப்பா பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் அதைக் கட்டாயமாக்கின. அரசு கேட்டதால் கிடைத்தது. காரை வாங்கியவர் கேட்டிருந்தால் இன்றைக்கும் ஒரு சிவப்பு விளக்குதான்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? உங்கள் காரின் வழக்கமான எண் எதுவோ அதிலிருந்து விலகும்போது. நெடுஞ்சாலையில் 90 காட்டிய கார், அதே வேகத்தில், அதே ஆட்களோடு 98 காட்டத் தொடங்கினால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 75ஐத் தாண்டவே மறுத்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது, புதியதை மாற்றுங்கள். விசிறி சுழன்றும் எண் இறங்காமல் 110ஐத் தாண்டி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். அப்படியும் ஏறினால் எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மீட்டரை நம்பி எஞ்சினைக் கருக்குகிறவர்கள் சிக்குவது இதில்தான். சென்சார் அளப்பது எஞ்சின் இரும்பின் சூட்டை அல்ல, தன்னைத் தொட்டு ஓடும் கூலண்டின் சூட்டை. குழாய் வெடித்துக் கூலண்ட் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சார் காற்றிலும் ஆவியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது எண் ஏறாமல் போகலாம், இறங்கவும் செய்யலாம். பல கார்களில் கணினிக்கும் அந்த ஒரே சென்சார்தான் கண். அதனால் விசிறியும் சுழலாது, சிவப்பு விளக்கும் எரியாது. மீட்டர் சாதுவாக 80 காட்டிக்கொண்டிருக்க, உள்ளே எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். என்னிடம் இழுத்துவரப்பட்ட ஒரு காரின் உரிமையாளர், 'கடைசி வரை மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், 105லிருந்து 78க்கு இறங்கியது, நிம்மதியாக இருந்தேன்' என்றார். அந்த நிம்மதிதான் ஆபத்து. ஓடும் காரில் எண் காரணமில்லாமல் சட்டென்று இருபது முப்பது டிகிரி சரிந்தால் அது நல்ல செய்தி அல்ல. உடனே ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் ஹீட்டருக்குப் போகக் கூலண்டே மிச்சமில்லை என்று எடுத்துக்கொண்டு, அங்கேயே நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டப்பாவில் மட்டம் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்த வேலையை எந்த மீட்டரும் உங்களுக்காகச் செய்யாது.

மீட்டர் −40 காட்டினால் பதற வேண்டாம். அனுப்பப்படும் எண்ணிலிருந்து 40ஐக் கழித்துத்தான் வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. சுழியம் வந்தால் −40. சென்சாரின் இணைப்பு அறுந்திருக்கும், அல்லது மீட்டருக்குத் தகவலே வரவில்லை. ஆயில் அழுத்தத்தையும் இதில் தேடாதீர்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு ஒரு சுவிட்சும் விளக்கும்தான் உண்டு. அதை எண்ணாகக் காட்டுவதாகச் சொல்லி விற்கும் மீட்டரை வாங்க வேண்டாம்.

அந்தச் சாக்கெட்டில் செருக இன்னொரு பொருளும் விற்கிறார்கள்: எரிபொருளை மிச்சப்படுத்தும் பெட்டி. திறந்து பார்த்தால் மினுக்கும் விளக்குகளும் அவற்றை மினுக்கவைக்கும் மின்னணுச் சில்லும் தவிர ஒன்றும் இருக்காது. பழைய கார் தரகர்களின் கைவரிசை வேறு வகை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிற காரில், நீங்கள் பார்க்க வருவதற்குச் சற்று முன் ஸ்கேனரால் பிழைக்குறிகளை அழித்துவிடுவார்கள். விளக்கு அணைந்திருக்கும், கார் புத்தம்புதிதாய்ச் சிரிக்கும். ஆனால் குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பல கார்களின் கணினி எண்ணிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மீட்டரில் அந்தத் தூரத்தைக் காட்டும் வசதி இருந்தால் செருகிப் பாருங்கள். மூன்று கிலோமீட்டர் என்று காட்டினால் தரகரிடம் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்கள் சொந்தக் காரிலும் மீட்டரில் பிழைக்குறிகளை அழிக்கும் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பிழை வந்த நொடியில் கணினி பதிந்துவைத்த விவரங்களும் சேர்ந்தே அழிந்துபோகும். பழுதைத் தேடுகிறவருக்கு அவைதான் துப்பு.

உங்கள் இரண்டாவது கேள்வி. தினமும் ஓட்டுகிற காரென்றால் செருகியே வைத்திருக்கலாம். அந்தச் சாக்கெட்டுக்குச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும். நல்ல மீட்டர் எஞ்சின் நின்றதும் உறங்கிவிடும். உறங்காத மீட்டர் 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. நான்கு நாளுக்கு மேல் நிறுத்தினால் கழற்றிவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போதும் கழற்றுங்கள். அவர்களுடைய ஸ்கேனரும் உங்கள் மீட்டரும் ஒரே நேரத்தில் கணினியிடம் கேள்வி கேட்டால் இரண்டுக்கும் பதில் குழம்பும், பழி மீட்டர் மேல் விழும். மீட்டரை ஏர்பேக் திறக்கும் பகுதியின் மேல் ஒட்டாதீர்கள். கம்பி பிரேக் பெடலுக்கு மேலே தொங்குகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். தொங்கினால் முதலில் அதை இழுத்து ஓரமாகக் கட்டுங்கள்.